நாயோடு பிரெய்ரியைக் கடக்க: 1, 16, 13 – எந்தச் சாலை?

கனடாவின் பிரெய்ரி, அதாவது மேற்குப் புல்வெளிச் சமவெளி, மானிடோபா, சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா என்ற மூன்று மாகாணங்களில் விரிந்து கிடக்கிறது. மானிடோபாவின் வின்னிபெக்கிலிருந்து மேற்கே ஆல்பர்ட்டா பக்கம் காரில் போகிறவர்களுக்கு மூன்று சாலைகள் இருக்கின்றன. நடுவில் டிரான்ஸ்-கனடா, அதாவது 1-ஆம் எண் நெடுஞ்சாலை. அதற்கு வடக்கே யெல்லோஹெட் என்ற 16-ஆம் எண். தெற்கே ரெட் கோட் டிரெயில். இது மானிடோபாவில் 2-ஆம் எண்ணாகத் தொடங்கி, சஸ்காச்சுவான் எல்லையைத் தாண்டியதும் 13-ஆம் எண்ணாக மாறிவிடும். மனிதர்கள் மட்டும் போவதென்றால் மூன்றில் எதைப் பிடித்தாலும் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. பின் சீட்டில் ஒரு நாய் படுத்திருக்கிறது, போய்ச் சேர அவசரமில்லை, வழியில் இருக்கும் சின்ன ஊர்களைத்தான் பார்க்க வேண்டும் என்றால் கதை வேறு. அப்போது எந்தச் சாலை என்பதுதான் பயணத்தையே தீர்மானிக்கிறது.

நான் வின்னிபெக்வாசி. எங்கள் மணி லாப்ரடார் கலப்பு. மூன்று சாலைகளிலும் அவனோடு போயிருக்கிறேன். ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது, கார்க் கதவைத் திறந்ததும் நாய் எதன்மேல் கால் வைக்கிறது என்பதைத்தான். நிழல் உண்டா, குடிக்கத் தண்ணீர் உண்டா, புல் எப்படிப்பட்டது, ஏதாவது ஆகிவிட்டால் கால்நடை மருத்துவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார், இவையெல்லாம் அதற்குள் அடங்கும். இன்னொன்றும் உண்டு. மியூசியம் மாதிரி உள்ளே போய்ப் பார்க்கும் இடங்களில் பெரும்பாலும் நாயை விட மாட்டார்கள். காரில் விட்டுவிட்டுப் போகலாம் என்று நினைக்கவே வேண்டாம். வெளியே 24 டிகிரி இருக்கும்போது மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் 34 டிகிரியைத் தொட்டுவிடும். அதனால் கூட ஒருவர் இல்லாமல் தனியாகப் போகிறவர்களுக்கு, ஒரு ஊரில் வெளியிலேயே நின்று பார்க்க என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு.

டிரான்ஸ்-கனடா

வின்னிபெக்கிலிருந்து கால்கரி வரை சுமார் 1,330 கிலோமீட்டர். பிரித்த இருவழிப் பாதை, வேகம் பெரும்பாலும் மணிக்கு 110. பிராண்டன், ரெஜைனா, மூஸ் ஜா, ஸ்விஃப்ட் கரண்ட், மெடிசின் ஹாட் என்று சீரான இடைவெளியில் ஊர்கள் வந்துகொண்டே இருக்கும். நாய்க்கு உடம்புக்கு முடியாமல் போனால் கால்நடை மருத்துவமனை, நாயை அனுமதிக்கும் விடுதி, தீனிக் கடை எல்லாம் எட்டும் தூரத்தில் கிடைக்கும். பாதுகாப்பு என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் இதுதான் முதலிடம்.

ஆனால் இந்தச் சாலை ஊர்களுக்குள் போவதில்லை, ஓரமாக ஒதுங்கிப் போகிறது. நிறுத்தினால் பெட்ரோல் பங்க் பின்னால் லாரிகள் நிற்கும் சரளைக்கல் மைதானம்தான் கிடைக்கும். டீசல் புகையும் பிரேக் சத்தமும் ஓயாது. சத்தத்துக்கு மிரளும் நாயாக இருந்தால் கயிறு கையை விட்டு நழுவ ஒரு நொடி போதும். பக்கத்திலேயே 110-இல் வண்டிகள் பாய்ந்துகொண்டிருக்கும். மூஸ் ஜாவில் 1984-இல் நிறுவிய சுமார் 10 மீட்டர் உயர மூஸ் மான் சிலை நன்றாக இருக்கும், நாயோடு நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். நார்வேயில் இதைவிட உயரமாக ஒரு சிலை வந்ததும், 2019-இல் இதற்குப் பெரிய கொம்பு வைத்து முதலிடத்தைத் திரும்பப் பிடித்தார்கள். அதே ஊரில் பேர்பெற்ற நிலத்தடிச் சுரங்கங்கள் நாயோடு வருகிறவர்களுக்கு இல்லை. சாப்ளின் ஏரிக்கரையில் வெள்ளை வெளேரென்று சோடியம் சல்ஃபேட் குவிந்து கிடப்பதைக் காரிலிருந்தே பார்க்கலாம்.

சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்றால் இதை எடுங்கள். ஊர் ஊராக நின்று போக இது சரிப்படாது.

யெல்லோஹெட்

இது போர்ட்டேஜ் லா பிரேரி தாண்டியதும் 1-ஆம் எண்ணிலிருந்து பிரிந்து, நீபாவா, மினடோசா, ரஸ்ஸல், யார்க்டன், சஸ்கடூன், லாய்ட்மின்ஸ்டர் வழியாக எட்மன்டன் போகிறது. வின்னிபெக்கிலிருந்து கணக்கிட்டால் சுமார் 1,300 கிலோமீட்டர்.

இந்தச் சாலையின் பெரிய வரம் நிழல். தெற்கே போல வெட்ட வெளிப் புல் மட்டும் கிடையாது. ஆஸ்பென் மரத்தோப்பும் வயலும் மாறி மாறி வரும் நிலம் இது. ஜூலை மதியத்தில்கூட ஒதுங்க ஒரு தோப்பு கிடைக்கும். வயதான நாய், தடித்த ரோமமுள்ள நாய், முகம் சப்பையான பக் மாதிரி இனங்கள் என்றால் இது ஒன்றே போதும், வேறு காரணம் தேட வேண்டாம். போதாததற்கு சஸ்கடூனில் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் சாலையின் நட்டநடுவில் இருக்கின்றன.

பார்க்க வேண்டியவையும் பெரும்பாலும் வெளியில்தான். கிளாட்ஸ்டனில் சிரித்துக்கொண்டு நிற்கும் பாறைப் பொம்மை. ரஸ்ஸலிலிருந்து சற்று வடக்கே இங்லிஸ் என்ற சிற்றூரில், மரத்தால் கட்டிய ஐந்து தானிய எலிவேட்டர்கள், அதாவது தானியத்தைச் சேமித்து ரயிலில் ஏற்றும் உயரமான கட்டடங்கள், ஒரே வரிசையில் நிற்கின்றன. 1922-இல் தொடங்கி 1941 வரை கட்டியவை, இப்போது தேசிய வரலாற்றுச் சின்னம். 1930-களில் பிரெய்ரி முழுக்க 5,700-க்கும் மேற்பட்ட எலிவேட்டர்கள் இருந்தன. இப்படி ஒரு வரிசை முழுதாக நிற்பதைப் பார்ப்பது இன்றைக்கு அரிது. ஆல்பர்ட்டாவுக்குள் போனால் வெக்ரவில் ஊரில் உக்ரைனியர்களின் ஈஸ்டர் முட்டை வடிவில், 1975-இல் நிறுவிய ராட்சத முட்டை ஒன்று காற்றுக்குத் திரும்பிக்கொண்டு நிற்கும். பக்கத்திலேயே மண்டேரில் ராட்சத சாசேஜ். எல்லாமே புல்தரையில், நாயோடு சுற்றிவரக் கூடியவை.

குறை என்ன? உண்ணி. மே, ஜூனில் புதர் ஓரம் நடந்து வந்தால் காதுமடலிலும் கழுத்துப் பட்டைக்கு அடியிலும் தேடிப் பிடுங்க வேண்டியிருக்கும். தெற்கு மானிடோபாவில் லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணியும் உண்டு. கிளம்புவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு உண்ணி மாத்திரையைத் தொடங்கிவிடுங்கள். இரண்டாவது குறை ஏரி. கோடையின் பிற்பகுதியில் ஆழம் குறைந்த ஏரிகளில் நீலப்பச்சைப் பாசி பூக்கும். பச்சை பெயின்ட்டைக் கொட்டியது போல இருந்தால் அடையாளம் தெரிந்துவிடும்; மெல்லிய படலமாகக் கரையோரம் ஒதுங்கியிருக்கும்போதுதான் கண்ணுக்குத் தப்பும். நீந்திவிட்டு வந்து ரோமத்தை நக்கினாலே நாய் இறந்துபோகலாம். தண்ணீரைக் கண்டால் கட்டுக்கு அடங்காத நாய் என்றால் ஆகஸ்டில் இந்தப் பக்கம் போக நான் யோசிப்பேன்.

ரெட் கோட் டிரெயில்

என் தேர்வு இதுதான். 1874-இல் வடமேற்குக் குதிரைப் போலீஸ் படை சிவப்புக் கோட்டு போட்டுக்கொண்டு மேற்கே நடந்த வழியை ஒட்டி இந்தச் சாலைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு தடம்தான். வண்டிகள் குறைவு. 80-இல் உருட்டிக்கொண்டு போனாலும் பின்னால் யாரும் ஹாரன் அடிப்பதில்லை. எதிரே வரும் விவசாயி ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கி வணக்கம் சொல்லிவிட்டுப் போவார்.

இந்தச் சாலை ஊர்களைத் தொட்டுக்கொண்டே போகிறது. ரயில் வந்த காலத்தில், குதிரை வண்டியில் தானியத்தைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு அன்றைக்கே வீடு திரும்பும் தூரத்தில் ஊர்களை அமைத்தார்கள். அதனால் வரைபடத்தில் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒரு பெயர் இருக்கும். 1995-இல் தானியம் ஏற்றும் ரயில் கட்டணத்துக்கான அரசு மானியம் நின்றது. கிளைப்பாதைகள் மூடப்பட்டன, எலிவேட்டர்கள் இடிக்கப்பட்டன, பல ஊர்கள் சுருங்கின. இன்றைக்கு ராப்சார்ட் மாதிரி சில இடங்களில் தெருவும் சாய்ந்த கடைகளும்தான் மிச்சம். ஆனால் நாய்க்கு இந்த இடைவெளி கனகச்சிதம். அவனுக்கு இறங்க வேண்டும் என்று தோன்றினால் அடுத்த ஊர் பத்து நிமிடத்தில் வந்துவிடும். அகலமான மெயின் தெரு, ஒரு கோ-ஆப் கடை, ஒரு ஸ்கேட்டிங் அரங்கு, ஓரத்தில் ஒரு பூங்கா, வண்டி நிறுத்த எங்கு பார்த்தாலும் இடம்.

மானிடோபா பகுதியில் கிளென்பரோவில் ஒரு ஒட்டகச் சிலை நிற்கிறது. அருகில் மணல்மேடுகள் இருப்பதால் வைத்தது. அதைவிட எனக்குப் பிடித்தது சூரிஸ். 1904-இல் ஆற்றின் குறுக்கே கட்டிய தொங்கு நடைபாலம் 2011 வெள்ளத்தில் போய்விட, 2013-இல் மறுபடி கட்டினார்கள். பாலத்தின் முதல் பலகையில் மணி முன்னங்காலை வைத்தான். பலகை லேசாக அசைந்தது. உடனே வயிற்றைத் தாழ்த்திக்கொண்டு, நகங்களை விரித்து, என் முழங்காலோடு ஒட்டிக்கொண்டு நடந்தான். அக்கரை போய்ச் சேர்ந்ததும் உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு, தானாகவே திரும்பி இக்கரைக்கு இழுத்தான். அதே ஊர்ப் பூங்காவில் மயில்கள் தம் இஷ்டத்துக்கு உலவுகின்றன. மானிடோபாவில் மயில் அகவல் கேட்டதும் எனக்குச் சொந்த ஊர் ஞாபகம் வந்துவிட்டது. அவனுக்கோ துரத்த வேண்டும் போல இருந்தது. கயிற்றைக் கையில் இரண்டு சுற்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சஸ்காச்சுவானுக்குள் கார்லைல், ஆர்கோலா, வெய்பர்ன், ஓகிமா, அசினிபோயா, பான்டெக்ஸ், ஷானவன், ஈஸ்டென்ட் என்று வரிசையாக வரும். ஈஸ்டென்டில் 1991-இல் கண்டெடுத்த ‘ஸ்காட்டி’ என்ற டி. ரெக்ஸ் டைனோசர் உலகிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று; கூட ஒருவர் இருந்தால் அங்குள்ள மியூசியத்துக்குள் மாற்றி மாற்றிப் போய்ப் பார்க்கலாம். காடிலாக் என்ற ஊரில் தெற்கே திரும்பினால் வால் மாரியும் கிராஸ்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவும். இந்தச் சாலையை நான் சொல்ல முக்கியமான காரணம் இந்தப் பூங்காதான். 2005-இல் கொண்டுவந்த காட்டெருமைகள் இப்போது மந்தையாக மேய்கின்றன. கருவால் பிரெய்ரி டாக் என்னும் அணில் இனத்தைக் கனடாவில் இயற்கைச் சூழலில் காண வேறு இடம் கிடையாது. இரவில் வானம் முழுக்க நட்சத்திரம். நாயைக் கயிற்றோடு கூட்டிப் போகலாம்.

ஆனால் கயிறு உண்மையிலேயே கயிறாக இருக்க வேண்டும்; நீண்டுகொண்டே போகும் ரீல் வகை இங்கே உதவாது. எருமையை நெருங்கினால் அது முட்ட வரும். சூடான கற்களுக்கிடையே பிரெய்ரி ராட்டில் என்ற விஷப் பாம்பு படுத்திருக்கும். பிரெய்ரி டாக் வளைக்குள் மூக்கை நுழைக்க விடாதீர்கள். 2010-இல் இந்தப் பூங்காவிலேயே அந்த விலங்குகளிடம் பிளேக் கண்டறியப்பட்டது. தெள்ளுப்பூச்சி வழியாகத் தொற்றக் கூடியது. உண்ணிக்குத் தரும் மருந்து தெள்ளுக்கும் சேர்த்து வேலை செய்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் விஷயத்தில்தான் இந்தச் சாலை மிகவும் கண்டிப்பானது. தென்மேற்கு சஸ்காச்சுவானின் குட்டைகள் பல உவர்நீர்க் குட்டைகள். கோடையில் வற்ற வற்ற உப்பும் சல்ஃபேட்டும் ஏறும். 2017 ஜூலையில் ஷாம்ராக் என்ற ஊர் அருகே இப்படிப்பட்ட தண்ணீரைக் குடித்து 200 மாடுகள் செத்தன. மாட்டையே சாய்க்கும் தண்ணீர் நாய்க்கு எம்மாத்திரம்? கரையில் வெள்ளை வளையம் தெரிந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். நாய்க்கு மட்டும் தனியாக இருபது லிட்டர் கேன் ஒன்று வண்டியில் இருக்கட்டும்.

வெயிலும் லேசானதல்ல. 1937 ஜூலை 5 அன்று வெய்பர்னுக்கு அருகே யெல்லோ கிராஸ், மிடேல் என்ற இரண்டு ஊர்களில் 45 டிகிரி பதிவானது. 2021 வரை கனடாவின் உச்சம் அதுதான். நிழலுக்கு எலிவேட்டரின் வடக்குச் சுவரைத் தவிர வேறு எதுவும் இல்லாத ஊர்கள் இங்கே உண்டு. காற்று மட்டும் ஓயாமல் அடிக்கும். அதனால் கொசுவும் குறைவு.

அந்தப் புல்

மூன்று சாலைகளுக்கும் பொதுவான ஒரு எதிரி இருக்கிறது, உவர்மண் மிகுந்த தெற்கில் அதிகம். ஃபாக்ஸ்டெயில் பார்லி என்பார்கள். பள்ளத்து ஓரங்களிலும் குட்டையைச் சுற்றியும் ஊதா கலந்த வெள்ளி நிறத்தில் காற்றுக்கு அலையலையாகச் சாயும். பார்க்க அவ்வளவு அழகு. ஒரு கதிரை எடுத்து விரலால் நுனியிலிருந்து அடிநோக்கித் தடவிப் பாருங்கள், சொரசொரவென்று மாட்டும். அடியிலிருந்து நுனிக்குத் தடவினால் வழுவழுவென்று போகும். கதிரின் ஒவ்வொரு கூர்முடியிலும் கண்ணுக்குத் தெரியாத முள் ஒரே திசையைப் பார்த்து இருப்பதுதான் காரணம். நாயின் விரலிடுக்கிலோ காதிலோ மூக்கிலோ புகுந்துவிட்டால் அது முன்னோக்கி மட்டுமே நகரும். அசைய அசைய உள்ளே போகும். தோலுக்குள் புகுந்து சீழ் கட்டிய பிறகுதான் பலருக்குத் தெரியவரும்.

ஜூனில் அது பச்சையாக, ஈரமாக இருக்கும், பெரிதாகக் கவலையில்லை. ஜூலைக் கடைசியிலிருந்து காய்ந்து உதிரத் தொடங்கும். அந்த நேரத்தில் ஒவ்வொரு தடவை வண்டியில் ஏற்றும் முன்பும் நான்கு பாதங்களின் விரலிடுக்கையும் பிரித்துப் பாருங்கள். பாதத்து ரோமத்தைக் கிளம்பும் முன்பே ஒட்ட வெட்டிவிடுவது நல்லது. நாய் ஓயாமல் தும்மினாலோ தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உதறினாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

இங்கேதான் 13-ஆம் எண் சாலையின் பலவீனம் தெரியும். சின்ன ஊர்க் கால்நடை மருத்துவர்கள் பெரும்பாலும் மாட்டையும் குதிரையையும் பார்க்கிறவர்கள். திறமைசாலிகள்தான், ஆனால் நீங்கள் கூப்பிடும் நேரத்தில் ஏதோ பண்ணையில் மாட்டுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி என்றால் ரெஜைனாவுக்கோ ஸ்விஃப்ட் கரண்டுக்கோ ஓட வேண்டியிருக்கும். வலிப்பு, சர்க்கரை, இதயக் கோளாறு என்று தொடர்ந்து மருந்து சாப்பிடும் நாய் என்றால் நான் இந்தச் சாலையைச் சொல்ல மாட்டேன், யெல்லோஹெட்டில் போங்கள்.

தங்குவதும் காலமும்

தங்குவதற்கு மூன்று சாலைகளில் 13-தான் மலிவு. பல ஊர்களில் ஊர்ச் சபையோ பிராந்தியப் பூங்காவோ நடத்தும் சின்ன முகாம்கள் உண்டு. சிலவற்றில் ஆளே இருக்க மாட்டார். வாசலில் ஒரு பெட்டி, அதில் உறைகள் இருக்கும். பணத்தை உறைக்குள் வைத்து, இடத்தின் எண்ணை எழுதி, இரும்புக் குழாய்க்குள் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். ஒரு சாயங்காலம் பக்கத்து டிரெய்லரிலிருந்த பெரியவர் மணிக்கு எலும்புத்துண்டு கொடுக்கலாமா என்று கேட்டு வந்தார். அப்படியே அந்த ஊரில் எந்த எலிவேட்டர் எந்த ஆண்டு இடிந்தது என்று இருட்டும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நாய் இல்லாமல் போயிருந்தால் அந்தப் பேச்சே தொடங்கியிருக்காது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மோட்டலில் தங்குங்கள். நாயைக் குளிப்பாட்டவும் உண்ணி தேடவும் நல்ல வெளிச்சம் கிடைக்கும். மோட்டலுக்கு முன்கூட்டியே போன் செய்து நாய் உண்டு என்று சொல்லிவிடுங்கள்.

உணவகங்களை நம்பிப் போகாதீர்கள். சின்ன ஊர்களில் மதியம் தாண்டினால் பல காபிக் கடைகள் மூடிவிடும், ஞாயிறு திங்களில் திறப்பதே இல்லை. ஷானவனில் பெட்ரோலை நிரப்பிக்கொள்ளுங்கள். அதற்கு மேற்கே பங்க் இருக்கும் என்று எண்ணிப் போகக் கூடாது.

காலம் என்று கேட்டால், 13-க்கு ஜூன் முதல் பாதி அல்லது செப்டம்பர். ஜூனில் புல் பச்சை, பறவைகள் நிறைய. ஆனால் உண்ணியும் உண்டு, சாயங்கால இடியும் உண்டு. இடிக்கு நடுங்கும் நாய் என்றால் செப்டம்பர் நல்லது. அறுவடை நடந்துகொண்டிருக்கும், வெயில் இறங்கியிருக்கும், பாம்புகள் வளைப்பக்கம் ஒதுங்கத் தொடங்கும். உதிர்ந்த ஃபாக்ஸ்டெயில் மட்டும் தரையில் கிடக்கும், பாதத்தைப் பார்க்கும் பழக்கத்தை விடாதீர்கள். யெல்லோஹெட்டுக்கு ஜூன் கடைசி, ஜூலை முதல் வாரங்கள்: உண்ணி குறைய ஆரம்பித்திருக்கும், பாசி இன்னும் பூத்திருக்காது.

போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று என்று வளையமாகப் போடலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. போகும்போது தெற்குச் சாலையில் போங்கள், திரும்பும்போது வடக்குச் சாலையில் வாருங்கள். வெயிலும் வெட்டவெளியும் நாய் களைப்பில்லாமல் இருக்கும்போதே முடிந்துவிடும்; களைத்துத் திரும்பும்போது நிழலும் மருத்துவமனையும் பக்கத்தில் இருக்கும்.

அவ்வளவு நாள் விடுப்பு கிடைக்காது என்றால் 13-இன் கிழக்குப் பாதியைத் தயங்காமல் விட்டுவிடுங்கள். டிரான்ஸ்-கனடாவில் மூஸ் ஜா வரை ஒரே மூச்சாக வந்து, அங்கிருந்து சஸ்காச்சுவானின் 2-ஆம் எண் சாலையில் (மானிடோபாவின் 2 வேறு) தெற்கே அசினிபோயா போய் 13-ஐப் பிடித்துக்கொள்ளலாம். அப்புறம் பான்டெக்ஸ், வால் மாரி, ஈஸ்டென்ட். கான்சுலில் 21-ஆம் எண்ணில் வடக்கே திரும்பினால் சைப்ரஸ் ஹில்ஸ் வந்துவிடும். சுற்றிலும் புல்வெளியாக இருக்க, இங்கே மட்டும் லாட்ஜ்போல் பைன் மரக்காடு, குளிர்ச்சியான காற்று. கடைசி இரண்டு ராத்திரிகளை அங்கே வைத்துக்கொண்டு மேப்பிள் கிரீக் வழியாகப் பெரிய சாலைக்கு ஏறிவிடலாம்.